சந்தைச் சொற்களின் பொருள் அறிந்து பேரம் பேசுங்கள்

அவிநாசிப் பக்கத்து விவசாயி ஒருவர் கையில் செய்தித்தாளுடன் என்னைத் தேடி வந்தார். "ஏனுங்க சார், பஞ்சு கண்டி அறுபதாயிரம்னு பேப்பர்ல போட்டிருக்குதுங்க. கண்டிங்கறது மூணரைக் குவிண்டால்தானுங்களே? அப்படிப் பார்த்தா குவிண்டால் பதினாறாயிரத்துக்கு மேல வருதுங்க. எனக்கு ஏழாயிரத்துச் சொச்சந்தான் குடுத்தாங்க. ஏமாத்திப் போட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்றார். வியாபாரியிடம் சண்டையிட்டு, மீதிப் பருத்தியை வீட்டிலேயே போட்டு வைத்திருந்தார். அது ஈரம் ஏறி நிறம் மாறத் தொடங்கியிருந்தது.

அவருடைய கணக்கில் பிழையில்லை. சொல்லில்தான் பிழை. அவர் விற்றது பருத்தி. அதாவது கொட்டையோடு கூடியது. வியாபாரிகள் 'கப்பாஸ்' என்பார்கள். செய்தித்தாளில் வந்ததோ கொட்டை நீக்கிய பஞ்சின் விலை. கண்டி என்பது 784 பவுண்டு கொண்ட பழைய எடை. இன்றைய கணக்கில் சுமார் 356 கிலோ. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் எடை வந்த பிறகும் பஞ்சு வணிகத்தை விட்டுக் கண்டி போகவில்லை.

நூறு கிலோ பருத்தியை அரைத்தால், ரகத்தைப் பொறுத்து 33 முதல் 36 கிலோ வரை பஞ்சு கிடைக்கும். 34 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கண்டி ரூ.60,000 என்றால் ஒரு கிலோ பஞ்சு ஏறத்தாழ ரூ.168.50, 34 கிலோவுக்கு ரூ.5,730 ஆகிறது. மீதமுள்ள கொட்டை 65 கிலோ, கிலோ ரூ.30 வீதம் விற்றால் ரூ.1,950. இரண்டும் சேர்ந்து ரூ.7,680. இதில் அரவைக்கூலியும் வண்டி வாடகையும் வியாபாரியின் லாபமும் போக வேண்டும். ஆகவே அவருக்குக் கிடைத்த விலை மோசமானதல்ல. விலையில் ஏமாறவில்லை என்றுதான் சொல்கிறேன். எடையில் ஏமாறவில்லை என்று சொல்ல மாட்டேன். சாக்குக்கு எவ்வளவு கழிவு, ஈரத்துக்கு எவ்வளவு கழிவு என்று அவர் கேட்கவே இல்லை. குவிண்டாலுக்கு இரண்டு கிலோ கழித்தால் ரூ.140 போய்விடுகிறது! விலை பேசும் முன்பே கேட்க வேண்டியது இந்தக் 'கழிவு' என்னும் சொல்லைத்தான்.

சந்தைச் சொற்களில் பல, வெளியூர் வியாபாரிகளோடு வந்தவை. அவற்றின் ஒலியிலேயே இது தெரியும். 'பேரம்' என்பதைப் 'பேரன்' போல ஒலிப்பதில்லை. 'பம்பரம்' என்பதில் வரும் இரண்டாவது 'ப' போல ஒலிக்கிறோம். தெலுங்கில் இச்சொல்லுக்கு வியாபாரம் என்றும் பொருள் உண்டு. அரபியிலிருந்து வந்த 'பாக்கி'யும் இதே ஒலிதான். 'ஏலம்' போர்ச்சுகீசியர் விட்டுச் சென்ற சொல்.

மாட்டுச் சந்தையில் சொல்லே கிடையாது. துண்டை மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். ஒரே விரல் ஆயிரமும் ஆகலாம், நூறும் ஆகலாம். தரகரிடம் விரலைக் கொடுத்தாலும், அச்சாரம் வாங்கும் முன் முழுத் தொகையையும் வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

'மறைமுக ஏலம்' என்ற சொல்லைக் கேட்டு ஒதுங்குவோரும் உண்டு. ஏதோ கள்ளத்தனம் என்று எண்ணிவிடுகிறார்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஒரு வியாபாரி குறிக்கும் விலை இன்னொருவருக்குத் தெரியாது என்பதே அதன் பொருள். மறைப்பது வியாபாரிகளுக்குள்தான், உங்களிடம் அல்ல. பேசி வைத்துக்கொண்டு விலையைக் குறைக்காமல் இருப்பதற்கே இந்த ஏற்பாடு. 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், நம் மாநிலத்தின் முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் 1936-இல் திருப்பூரில் பருத்திக்காகவே தொடங்கப்பட்டது. இக்கூடங்களில் விவசாயியிடம் தரகு பிடிப்பதில்லை. விலை கட்டாவிட்டால் "வேண்டாம்" என்று சொல்லிவிடலாம்.

அவிநாசிக்காரரிடம், மீதிப் பருத்தியை நன்றாக உலர்த்தி, நிறம் மாறியதைத் தனியே பிரித்து எடுத்துச் செல்லும்படி சொன்னேன். கலந்து கொண்டுபோனால் நல்ல பருத்திக்கும் நிறம் மாறியதன் விலைதான் கிடைக்கும்.