கொலைக்கதையும் ஒட்டுப் போர்வையும்

என் வீட்டுப் புத்தக அலமாரியைத் திறக்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள்; அப்புறம் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். மேல் தட்டு முழுக்க, கத்தியும் கறுப்புக் கையுறையுமாக அட்டை போட்ட மாத நாவல்கள். கீழ்த் தட்டில், துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒட்டுப் போர்வை தைக்கச் சொல்லித் தரும் புத்தகங்கள்.

"ஏளா, ஆளைக் கொல்லுத புஸ்தகம் மேல, துணியை வெட்டுத புஸ்தகம் கீழ. நான் சூதானமாத்தான் இருக்கணும் போல" என்பார் என் வீட்டுக்காரர்.

அவர் கேலிக்குச் சொன்னாலும், இரண்டு தட்டுக்கும் ஒரே நியாயம்தான் என்பது என் கட்சி. நல்ல ஒட்டுப் போர்வைக்குக் கடையில் போய்ப் புதுத்துணி வாங்கக் கூடாது. வீட்டில் கிடக்கிற துண்டுகளை வைத்தே முடிக்க வேண்டும். நல்ல துப்பறியும் கதையும் அப்படித்தான். முன்பக்கங்களில் ஆசிரியர் போட்டு வைத்த துண்டுகளை வைத்தே கடைசியில் உருவம் தெரிய வேண்டும். நாம் அதுவரை கண்ணாலேயே காணாத ஒருவனைக் கடைசி அத்தியாயத்தில் இழுத்து வந்து "இவன்தான் கொலைகாரன்" என்றால் எப்படி இருக்கும்? நூற்றுப்பத்து ரூபாய்க்குச் சேலை எடுத்து வந்து அதில் கிழிசலைக் கண்டது மாதிரி இருக்கும்! ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1929-ல் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் எழுதி வைத்தார். குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வந்துவிட வேண்டும் என்பதுதான் அதில் முதல் விதி.

அரிசிப் பானைக்குள் சங்கர்லால்

இந்தப் பைத்தியம் எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. ஆச்சியின் கண்ணில் படாமல் இருக்க அம்மா நாவலை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பாள். "பொம்பளைக்குக் கொலைக்கதை எதுக்குட்டி?" என்பது ஆச்சியின் கேள்வி. தமிழில் துப்பறியும் கதை எழுதியவர்களில் ஒரு பெண்ணும் உண்டு என்று அப்போதே தெரிந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு ஐந்தரை வயதில் கல்யாணம். முதல் நாடகத்தைத் தாம் சொல்லச் சொல்லத் தோழியை எழுத வைத்தார். 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கி, மொத்தம் 115 நாவல்கள் எழுதினார். அவரை ஊக்குவித்த வடுவூர் துரைசாமி ஐயங்காரும் லேசுப்பட்டவரல்ல. அவருடைய திகம்பர சாமியார் 1950-ல் நம்பியார் நடித்துப் படமாகவே வந்தார்.

வயசுக்கு வந்த பிள்ளைகளுக்கு முதலில் எதைக் கொடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தமிழ்வாணனின் சங்கர்லாலைத்தான் சொல்வேன். டீயைக் குடித்துக் கொண்டே யோசிக்கிற மனுஷர், ஆபாசம் கிடையாது. அடுத்தது சுஜாதா. 1968-ல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' தொடங்கி கணேஷின் நிதானம் எனக்குப் பிடிக்கும். வசந்தின் வாய்த்துடுக்கு சில இடங்களில் பிடிக்காது. ராஜேஷ்குமாரிடம் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. சம்பந்தமே இல்லாத இரண்டு கதைகளை அத்தியாயம் விட்டு அத்தியாயம் ஓட விட்டுக் கடைசியில் ஒன்றாக முடிவார். இரண்டு நாடாத் துணிகளைத் தனித்தனியாகத் தைத்து வந்து நடுவில் சேர்ப்பது போலத்தான். அந்தச் சேர்ப்பு சில நாவல்களில் பிசிறில்லாமல் இருக்கும்; சிலவற்றில் அவசரமாய் இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும்.

பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலாவிடமும், சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தியிடமும் எனக்கு ஒரே குறைதான். சுசீலாவின் பனியன் வாசகத்துக்குச் செலவழித்த பக்கங்களில் பாதியை அவள் மூளைக்குக் கொடுத்திருக்கலாம். துப்புத் துலக்க ஒரு பெண்ணை வைத்துவிட்டு, அவளை ரசித்துக் கொண்டே இருந்தால் எப்படி?

நான் மூடி வைத்த கதைகள்

ஒரு வகை நாவல்களை நான் இப்போது தொடுவதில்லை. சந்தேகப்பட்டவனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் "நாலு தட்டு தட்டினதும்" உண்மையைக் கக்கினான் என்று முடியும் கதைகள் அவை. முன்பெல்லாம் அந்த வரியைச் சாதாரணமாகத் தாண்டிப் போயிருக்கிறேன்.

2020 ஜூன் மாதம் எங்கள் சாத்தான்குளத்தின் பெயர் நாடு முழுவதும் பத்திரிகைகளில் வந்தது. ஊரடங்கு நாளில் போலீஸார் கொண்டுபோன ஒரு தகப்பனும் மகனும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்து போனார்கள். பஜாரில் கடை வைத்துப் பிழைத்தவர்கள். அந்த வாரம் ஊரே வாயடைத்துப் போய்க் கிடந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் பழைய நாவல் ஒன்றைப் புரட்டும்போது அந்த "நாலு தட்டு" வரி வந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அடித்து வாங்குவது துப்பறிதல் ஆகாது என்பது இத்தனை வருஷம் படித்த எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அந்த இரவு ஸ்டேஷனில் தாம் கண்டதை மாஜிஸ்திரேட்டிடம் சாட்சியாகச் சொன்னவர் ஒரு பெண் தலைமைக் காவலர். கூட வேலை பார்க்கிறவர்களுக்கு எதிராகக் கண்டதைக் கண்டபடி சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! எந்த நாவலின் துப்பறியும் நிபுணரும் எனக்கு அவருக்குப் பிறகுதான்.

ஒரு தையல் கோணிய கதை

பார்ப்பதும், பார்த்ததைப் புரிந்து கொள்வதும் பற்றி அமெரிக்காவில் ஒரு பெண் எழுதிய கதை இருக்கிறது. என் இரண்டு தட்டுப் புத்தகங்களும் சந்திக்கும் இடம் அதுதான். சூசன் கிளாஸ்பெல் 1900-ல் அயோவா மாநிலத்தில் ஒரு விவசாயி கொலையுண்ட வழக்கைப் பத்திரிகை நிருபராக இருந்து எழுதினார். மனைவி மீது குற்றம் சாட்டப்பட்ட வழக்கு. அதை மனத்தில் வைத்து 1916-ல் ஒரு நாடகமும், 1917-ல் 'அ ஜூரி ஆஃப் ஹெர் பியர்ஸ்' என்ற சிறுகதையும் எழுதினார்.

கதையில் ஆண்கள் மாடியிலும் தொழுவத்திலும் தடயம் தேடுகிறார்கள். அடுக்களையில் இரண்டு பெண்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரி பாதியில் விட்ட ஒட்டுப் போர்வையைப் பார்க்கிறார்கள். எல்லாத் துண்டிலும் தையல் ஒரே சீராக இருக்கிறது. ஒரே ஒரு துண்டில் மட்டும் நூல் கோணல்மாணலாக ஓடியிருக்கிறது. அன்றைக்கு அவளுக்கு என்னவோ நடந்திருக்கிறது! இவர்கள் போர்வையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு ஆண்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில்தான் கதையின் உயிர் இருக்கிறது. முடிவை நான் சொல்லப் போவதில்லை. தைக்கத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கோணல் தையல் ஒரு கடிதம் மாதிரி. தெரியாதவர்களுக்கு வெறும் நூல்.

போர்வைப் புத்தகங்களில் எது உசத்தி?

கீழ்த் தட்டுக்கு வருவோம். வெளியூரிலிருக்கும் நாத்தனார் தயவில் சேர்ந்த புத்தகங்கள் இவை. ரூபி மெக்கிம் 1931-ல் வெளியிட்ட 101 ஒட்டுத்துணி மாதிரிகள் புத்தகம் எனக்குப் பஞ்சாங்கம் மாதிரி. படத்தையும் அளவையும் பார்த்து, அட்டையில் வரைந்து, வெட்ட வேண்டியதுதான். அந்த நாட்டுப் பெண்கள் மாதிரிகளுக்கு வைத்திருக்கும் பெயர்களே ஒரு வேடிக்கை. 'குடிகாரன் பாதை' என்றுகூட ஒன்று இருக்கிறது.

எலினார் பர்ன்ஸ் 1978-ல் எழுதியது ஒரே நாளில் போர்வை தைக்கும் புத்தகம். துணியை நாடா நாடாக வெட்டி மிஷினில் ஓட்டும் சுருக்கு வழி. வேகத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கெஜக் கணக்கில் துணி வாங்கினால்தான் அந்த வேகம் கிடைக்கிறது. பழசைச் சேர்த்துத் தைக்கும் வேலைக்குப் புதுசு வாங்குவதாவது!

அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற கறுப்பின மக்களின் ஊர் இருக்கிறது. அந்தப் பெண்கள் வயல் வேலைக்கு உடுத்திக் கிழிந்த துணிகளைப் போர்வையாக்கினார்கள். 2002-ல் அவை ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் கலைக்கூடங்களில் தொங்கின; 2006-ல் தபால் தலையிலும் வந்தன. மிசௌரி பெட்வே என்ற பெண் 1942-ல், இறந்துபோன தன் கணவரின் வேலைத் துணிகளையே சேர்த்து ஒரு போர்வை தைத்தார். கோணல் கோடும் வெளுத்த முழங்கால் துணியுமாக இருக்கும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நான் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆனால் நம் வெயிலுக்கு நான் சொல்வது வங்காளத்துக் காந்தாதான். நியாஸ் ஜமான் 1981-ல் டாக்காவிலிருந்து இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். நடுவில் பஞ்சு கிடையாது. பழைய சேலைகளை அடுக்கி, ஓட்டத் தையல் போட வேண்டியதுதான். அந்தக் காலத்தில் நூலைக்கூடச் சேலைக் கரையிலிருந்தே உருவிக் கொள்வார்கள். மராட்டியத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கவுதி என்று இதன் உறவுகள் இருக்கின்றன. நம் பக்கத்துப் பெண்களுக்கும் ஊசி வேலை புதிதா என்ன? போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டிலேயே கால்டுவெல் ஐயரின் மனைவி எலிசா, இடையன்குடியில் லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார்.

தைக்கும் முன் சில வார்த்தைகள்

பருத்தியோடு பருத்தியை மட்டும் சேருங்கள். நைலக்ஸும் பருத்தியும் ஒரே போர்வையில் ஒத்துப் போகாது. எல்லாத் துண்டுகளையும் முதலிலேயே துவைத்து விடுங்கள். சுங்குடியும் அடர்சிவப்பும் சாயம் விடுகிறதா என்று ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். ஓரத்தில் கால் அங்குலம் விட மறக்காதீர்கள்.

எத்தனை ஊசி எடுத்தீர்களோ அத்தனை ஊசியை எண்ணி வைத்த பிறகே எழுந்திருங்கள். தவழுகிற பிள்ளை இருக்கும் வீட்டில் இது சத்தியப் பிரமாணம் மாதிரி. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும்போது கனமான போர்வை, தலையணை எதுவும் பக்கத்தில் வேண்டாம். முகத்தை மூடினால் அதற்குத் தள்ளிவிடத் தெரியாது, மூச்சு முட்டிவிடும். ஆசையாய்த் தைத்தது என்றாலும் பிள்ளை வளரும்வரை பெட்டியில் இருக்கட்டும். தைக்கும்போதும் படிக்கும்போதும் இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் தலையை நிமிர்த்தி, வாசல் வேம்பைப் பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். ராத்திரி படுக்கப் போகும்போது மர்ம நாவலின் கடைசி அத்தியாயத்தைத் தொடாதீர்கள். தூக்கம் போய், காலையில் இட்லி மாவின் மீது கோபம் வரும். அனுபவத்தில் சொல்கிறேன்.

அம்மாவின் மூன்று சேலைகள்

அம்மா இறந்த பிறகு அவள் சேலைகளை என்ன செய்வது என்று எனக்கும் தங்கைக்கும் மனத்தாங்கல் வந்தது. நல்லவற்றை நெருங்கிய சொந்தங்களுக்குக் கொடுத்தாயிற்று. உடுத்தி நைந்த மூன்று மிஞ்சின. பாத்திரக்காரரிடம் போட எங்கள் இருவருக்குமே மனசில்லை. நான் வெட்டிப் போர்வையாக்கலாம் என்றேன்.

"அம்மாவையே வெட்டுத மாதிரி இருக்குக்கா" என்றாள் தங்கை. நான் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. கட்டிலில் சேலைகளை விரித்தேன், இருவருமாகப் பார்த்தோம். மூன்றிலும் இடது இடுப்பில் வரும் இடம் மட்டும் சல்லடையாகியிருந்தது. தண்ணீர்க் குடமும், குடத்தை இறக்கினால் நாங்களும் இருந்த இடம். முந்தானையில் கடுகு தெறித்த சின்னச் சின்னப் பொத்தல்கள். முந்தானை நுனி, காசு முடிந்து முடிந்து முறுக்கிக் கொண்டு கிடந்தது. ஐம்பது வருஷ வாழ்க்கைக்கு அத்தனை தடயம்! கூடவே இருந்தும் நாங்கள் அதுவரை கவனித்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த இடுப்புப் பக்கத்தை நடுவுல வைக்கா" என்றாள் தங்கை.

அறுகோணத் துண்டுகளாகத் தைத்தேன். காகிதத்தை அந்த வடிவில் வெட்டி, துணியை அதன் மேல் மடித்து, ஓரங்களைச் சேர்த்துச் சுற்றித் தைத்து, கடைசியில் காகிதத்தை எடுத்து விடும் முறை இது. மேல்நாட்டில் பாதியில் நின்ற பழைய போர்வைகளுக்குள் இருக்கும் கடிதத் தாள்களையும் பத்திரிகைத் தாள்களையும் வைத்து, அவை எந்தக் காலத்தில் தைத்தவை என்று கண்டுபிடிக்கிறார்களாம். துப்பறியும் வேலைதானே! நான் வெட்டியது அம்மாவின் அரிசிப் பானை நாவல் ஒன்றை. கடைசிப் பக்கங்கள் எப்போதோ கிழிந்து போய், கொலைகாரன் யார் என்று அவளுக்கே தெரியாமல் போன புத்தகம். எல்லாக் காகிதத்தையும் எடுத்துவிட்டேன். நடுத்துண்டில் இருந்த ஒன்றை மட்டும் தெரிந்தே விட்டு வைத்திருக்கிறேன். அதனால் அந்தப் போர்வையைத் துவைப்பதில்லை. வெயிலில் காட்டி எடுப்பதோடு சரி. ஆறு மாதம் என்னிடம், ஆறு மாதம் தங்கையிடம்.

சகோதரிகளே, உங்கள் தெருவிலும் பாத்திரக்காரர் வருவார். எவர்சில்வர் தூக்கைத் தட்டிக் காட்டிப் பழைய துணி கேட்பார். கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கொடுக்கிறதுக்கு முன்னால் ஒரு தடவை விரித்துப் பாருங்கள்.