டைப்ஸ்கிரிப்ட்டும் தரவு வலிதாக்கலும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர், காணாமற்போனோரையும் நிவாரண முகாம்களையும் பதிவதற்கு இலங்கை நிரலாளர்கள் தொண்டர்களாக இணைந்து 'சஹானா' என்னும் இணையப் பிரயோகத்தை ஆக்கினர். அது பீஎச்பீ மொழியில் எழுதப்பட்டது. அத்தகைய பதிவேடு ஒன்றை இன்று நோட் ஜேஎஸ் சேவையகத்தில், டைப்ஸ்கிரிப்ட் மொழியில் நீங்கள் எழுதுவதாகக் கொள்வோம்.

ஈச்சிலம்பற்று மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 இல் அலை, 2006 இல் யுத்தம். ஊர்விட்டு ஊர் சென்ற குடும்பம் ஒன்று பல முகாம்களிற் பதியப்படலாம். ஒருவர் இரு பதிவுகளாகக் கிடந்தால், அவரைத் தேடும் தாய்க்குப் பழைய முகாமின் பெயரே கிடைக்கும்.

டைப்ஸ்கிரிப்ட் 2012 இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட மொழி. ஜாவாஸ்கிரிப்டுடன் தரவு வகைகளைச் சேர்த்தது எனலாம். வயது என்னும் மாறியை எண் என அறிவித்துவிட்டு அதிற் சரம் ஒன்றை இட்டால், தொகுக்கும்போதே வழு காட்டப்படும். ஆனால் தொகுத்து முடிந்ததும் இவ்வகைகள் யாவும் நீக்கப்படுகின்றன. இயங்குவது வெறும் ஜாவாஸ்கிரிப்டே. பலர் தவறுவது இவ்விடத்திலாகும். மேலோடியிலிருந்து வரும் படிவத்தைத் தொகுப்பான் ஒருபோதும் கண்டதில்லை. எக்ஸ்பிரஸ் நூலகம் அதனைப் 'எதுவும் ஆகலாம்' என்னும் வகையிலேயே உங்களிடம் தருகின்றது.

எனவே இயங்கு நேரத்தில் வலிதாக்கல் வேண்டும். இதற்கு 'ஸொட்' போன்ற துணை நூலகங்கள் உள்ளன. தரவின் அமைப்பை அதில் ஒருமுறை விபரித்தால் போதும். வரும் தரவும் சோதிக்கப்படும், டைப்ஸ்கிரிப்ட் வகையும் அதிலிருந்தே பெறப்படும். இரண்டையும் தனித்தனியே எழுதினால் என்றோ ஒருநாள் அவை முரண்படும்.

தேசிய அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள். பழையது 9 இலக்கங்களும் வீ அல்லது எக்ஸ் எழுத்தும் கொண்டது. 2016 முதல் வழங்கப்படுவது 12 இலக்கங்கள் கொண்டது. பெயர் 'இலக்கம்' என்றாலும் இதனை எண்ணாக அன்றிச் சரமாகவே வைத்தல் வேண்டும். சரம் என்று மட்டும் அறிவித்தால் 'தெரியாது' என்னும் சொல்லும் ஏற்கப்பட்டுவிடும்! ஆகவே கோலத்தையும் சோதியுங்கள். பழையதைப் புதிய வடிவுக்கு மாற்றிச் சேமித்தால் ஒருவர் இருவராக மாட்டார்: எழுத்தை நீக்கி, முதல் ஐந்து இலக்கங்களின் பின் 0 சேர்த்து, முன்னால் 19 இடுக.

ஊர்ப்பெயருக்கு இச்சோதனை போதாது. ஈச்சிலம்பற்று, ஈச்சலம்பற்று, ஈச்சிலம்பற்றை ஆகிய மூன்றும் செல்லுபடியான சரங்களே. பயனரைத் தட்டச்சிட விடாது பட்டியலிலிருந்து தெரிவுசெய்யச் செய்து, ஊரின் குறியீட்டை அந்நியச் சாவியாகச் சேமிக்க வேண்டும்.

பயிற்சி: வயது எண் வகையினது என அறிவிக்கப்பட்டுள்ளது. படிவத்தில் -5 வருகின்றது. (அ) தொகுப்பான் வழு காட்டுமா? காரணம் தருக. (ஆ) இதனைத் தடுக்கும் வலிதாக்கல் விதியை எழுதுக.