பின்னின்று தள்ளும் எஞ்சினும் முன்மேடைப் பெட்டியும்

ரவாங்கிலிருந்து தஞ்சோங் மாலிம் செல்லும் கொமுட்டர் ரயிலின் இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை இருப்பதால், கடைசி நிலையத்தில் வண்டியைத் திருப்பும் வேலை இல்லை. அத்தகைய அறை இல்லாத காலத்தில், எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும்போது முன்னே பாதையைப் பார்ப்பது யார் என்ற கேள்விக்குப் பெட்டியின் வடிவமைப்பே விடை தந்ததை, மலேசியாவைப் போலவே ஒரு மீட்டர் அகலப் பாதை கொண்ட நீலகிரி மலை ரயிலில் இன்றும் காணலாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூரை 1899இலும் உதகையை 1908இலும் எட்டிய இப்பாதை, கல்லாறு நிலையத்தைக் கடந்ததும் ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி என்ற அளவுக்குச் செங்குத்தாக ஏறுவதால், தண்டவாளங்களின் நடுவே பதித்த பற்சட்டத்தை, அதாவது பற்கள் வெட்டிய இரும்புச் சட்டத்தை, எஞ்சினின் பற்சக்கரம் கவ்விக்கொண்டே ஏறுகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் உருண்டோடிவிடாதபடி எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே நிற்கிறது.

ஆகவே, ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் சிறு திறந்த மேடை அமைத்திருக்கிறார்கள்; அதில் நிற்கும் பிரேக் ஊழியர் கைப்பிடியைச் சுழற்றிச் சக்கரத்துக்கும் பற்சட்டத்துக்கும் உரிய தடைகளை இயக்க, முதல் பெட்டியின் ஊழியர் காட்டும் பச்சை, சிவப்புக் கொடிகளைக் கொண்டே பின்னாலுள்ள ஓட்டுநர் வழியறிகிறார். மழையிலும் பனியிலும் அம்மேடையில் நிற்பவரே அந்த ரயிலின் கண்.