மெழுகு பூசிய மண்பானை

கோடைக்காலத்தில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதற்குக் காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாவதற்குத் தேவையான வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளிருக்கும் நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பானையின் வெளிப்புறம் முழுவதும் மெழுகைப் பூசிவிட்டால் என்ன ஆகும்? கசிவு நின்றுவிடும், தண்ணீரும் குளிராது.

சின்ன விஷயம்தான். ஆனால் இதற்கும் ஓர் ஓட்டக்காரரின் மரணத்துக்கும் தொடர்பு உண்டு.

1912ஆம் ஆண்டு ஜூலை 14. ஸ்வீடன் நாட்டுத் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டம். குளிர்நாடான ஸ்வீடனில் அன்று நிழலிலேயே வெப்பநிலை சுமார் 32 டிகிரி சென்டிகிரேடு. ஓடியவர்களில் ஒருவர் போர்ச்சுகல் நாட்டின் பிரான்சிஸ்கோ லாசரோ. லிஸ்பன் நகரில் தச்சு வேலை செய்து பிழைத்தவர். வேலை நேரம் போக எஞ்சிய நேரத்தில் ஓடிப் பழகியவர். போர்ச்சுகல் முதன்முதலாகக் கலந்துகொண்ட அந்த ஒலிம்பிக்கில் தம் நாட்டுக் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. வெயில் தோலைச் சுடாமல் இருக்க அவர் உடம்பெங்கும் மெழுகோ கொழுப்போ பூசிக்கொண்டு ஓடினார் என்று சொல்லப்படுகிறது. ஏறத்தாழ 30ஆவது கிலோமீட்டரில் அவர் கீழே விழுந்தார். மறுநாள் அதிகாலையில் மருத்துவமனையில் இறந்துபோனார்.

மெழுகு ஒரு மனிதனைக் கொல்லுமா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் எடை 60 கிலோ, 42.195 கிலோமீட்டர் கொண்ட மாரத்தானை நான்கு மணி நேரத்தில் ஓடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் தூரம் ஓடிக் கடக்க, ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி செலவாகிறது. ஆக மொத்தச் செலவு சுமார் 2,500 கிலோ கலோரி. நம் தசைகளும் ஒருவகை எஞ்சின்களே. எரிபொருளின் ஆற்றலில் கால் பங்கைத்தான் அவை இயக்கமாக மாற்றுகின்றன. எஞ்சிய முக்கால் பங்கு, அதாவது சுமார் 1,900 கிலோ கலோரி, வெப்பமாகவே வெளிப்படுகிறது.

இந்த வெப்பம் வெளியேற வழியே இல்லை என்று கொள்வோம். 60 கிலோ உடம்பின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 50 கிலோ கலோரி போதும். 1,900ஐ 50ஆல் வகுத்தால் 38. நமது இயல்பான வெப்பநிலை 37 டிகிரி. ஓட்டம் முடியும்போது உங்கள் உடம்பு 75 டிகிரியில் இருக்க வேண்டும்! அதுவரை யார் ஓடப்போகிறார்கள்? ஆறு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏறினால், அரை மணி நேரத்திலேயே உடம்பு 42 டிகிரியை நெருங்கிவிடும். அது மூளையையும் மற்ற உறுப்புகளையும் சீர்குலைக்கும் அளவு.

இப்படி நேராமல் காப்பது வியர்வை. தோலின் மேல் ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். 1,900 கிலோ கலோரி வெப்பம் முழுவதையும் மூன்றேகால் லிட்டர் வியர்வை அகற்றிவிடும். இங்கே ‘ஆவியானால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வையால் பயன் இல்லை. காற்றில் ஈரப்பதம் மிகுந்த புழுக்கமான நாளில் சட்டையெல்லாம் நனைந்தும் உடம்பு குளிராததற்குக் காரணம் இதுவே.

லாசரோவுக்கு வருவோம். 32 டிகிரி காற்றுக்கும் மனிதத் தோலுக்கும் வெப்பநிலை வேறுபாடு மிகக் குறைவு. ஆகவே காற்றுக்கு நேரடியாகச் செல்லக்கூடிய வெப்பமும் குறைவு. வெயிலோ மேலும் வெப்பத்தைச் சேர்க்கிறது. எஞ்சியிருந்த ஒரே வாயில் வியர்வைதான். மெழுகு அதை முழுவதும் அடைத்திருக்க வேண்டியதில்லை; ஒரு பகுதியை அடைத்திருந்தாலே போதும். உண்டாகும் வெப்பத்துக்கும் வெளியேறும் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசம் நிமிடத்துக்கு நிமிடம் உடம்பில் சேர்ந்துகொண்டே போயிருக்கும்.

மாரத்தானில் இன்னொரு கணக்கும் உண்டு. அது எரிபொருள் கணக்கு. நம் தசைகளிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கப்பட்டுள்ள சர்க்கரைச் சத்து சுமார் 1,500 முதல் 2,000 கிலோ கலோரி வரைதான் தரும். நமக்குத் தேவையோ 2,500. ஒல்லியானவர் உடலிலும் பல மாரத்தான்களுக்குப் போதுமான கொழுப்பு உண்டு என்றாலும், கொழுப்பிலிருந்து அதே வேகத்தில் ஆற்றலைப் பெற முடியாது. அதனால்தான் புதிதாக ஓடுபவர்கள் பலருக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் கால்கள் இரும்பாய்க் கனக்கின்றன. அதுவரை துள்ளி வந்தவர் திடீரென்று சுவரில் முட்டிக்கொண்டதுபோல் உணர்கிறார். இது மனத்தளர்ச்சி மட்டுமன்று. இருப்பு தீர்ந்துவிட்டது என்ற அறிவிப்பு. தொடக்கத்தில் வேகத்தை அடக்கி ஓடுவதும், வழியில் கொஞ்சம் இனிப்பு உட்கொள்வதும் இந்தச் சுவரைத் தள்ளிப் போடும்.

‘அப்படியானால் நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டே ஓடலாமே’ என்று நீங்கள் கேட்கலாம். அதிலும் அளவு வேண்டும். இழந்த நீரைவிட அதிகமாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியத்தின் செறிவு குறைந்துவிடும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்தவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதத்தினருக்கு இக்குறை காணப்பட்டது. கடுமையானால் இதுவும் உயிருக்கு ஆபத்தானது. தாகம் எடுக்கும்போது குடிப்பதே நல்ல வழி.

வெப்பம் தலைக்கேறியதன் அடையாளங்களையும் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஓடுபவர் தள்ளாடுவார், தொடர்பில்லாமல் பேசுவார், திசை தெரியாமல் திரும்புவார். மூளையே பாதிக்கப்படுவதால் தமக்கு ஆபத்து என்பது அவருக்கே தெரியாமல் போகலாம். பக்கத்தில் இருப்பவர்தான் அவரை நிறுத்த வேண்டும். மருத்துவர் வரும்வரை காத்திராமல் அவரைக் குளிர்ந்த நீரில் அமர்த்தவோ, உடம்பெங்கும் நீரை ஊற்றி விசிறவோ வேண்டும். அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

அதே நாள், அதே ஓட்டத்தில் ஜப்பானிய மாணவர் ஷிசோ கனகுரி என்பவரும் வெயில் தாங்காமல் சோர்ந்துபோனார். வழியிலிருந்த ஒரு வீட்டுத் தோட்டத்தில் புகுந்தார்; அங்கிருந்தவர்கள் பழரசம் கொடுத்து உபசரித்தனர். அவர் ஓட்டத்தைத் தொடரவில்லை. அதிகாரிகளிடம் சொல்லவும் இல்லை. ஸ்வீடன்காரர்கள் நெடுங்காலம் அவரைக் ‘காணாமல் போனவர்’ என்றே கருதினர். 1967ஆம் ஆண்டில் அவரை ஸ்டாக்ஹோமுக்கு அழைத்து, விட்ட ஓட்டத்தை முடிக்கச் செய்தார்கள். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், சில விநாடிகள்! 75 வயது முதியவராகச் சிரித்துக்கொண்டே எல்லைக் கோட்டைக் கடந்தார் கனகுரி.

இருவரும் உறுதி மிக்கவர்களே. ஒருவர் நின்றார், ஒருவர் நிற்கவில்லை. மனவுறுதியால் வலியை வெல்லலாம். ஆனால் 50 கிலோ கலோரிக்கு ஒரு டிகிரி என்ற கணக்கை எந்த உறுதியாலும் மாற்ற முடியாது. அடுத்த முறை மண்பானையிலிருந்து ஒரு குவளை நீர் மொண்டு குடிக்கும்போது, அதன் ஈரமான வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். ஓடும் மனிதனின் உயிரைக் காப்பதும் அந்த ஈரம்தான்.