சுகர் மாத்திரையும் பி12-ம்: கண்ணுக்குத் தெரியாத ஒரு கசிவு

இன்னைக்கு எபிசோட்ல ஒரே ஒரு மாத்திரை, ஒரே ஒரு வைட்டமின். மாத்திரை மெட்ஃபார்மின், வைட்டமின் பி12. உங்க வீட்ல யாராவது பல வருஷமா சுகர் மாத்திரை சாப்பிடுறாங்கன்னா, இதைக் கடைசி வரைக்கும் படிங்க.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் இன்ஜினியர். மெட்ஃபார்மின் மோசமான மருந்துன்னும் சொல்ல வரலை. டைப் 2 சர்க்கரை நோய்க்கு உலகம் முழுக்க அதிகமா எழுதிக் கொடுக்கப்படும் மருந்துகளில் அது ஒன்று. விலையும் குறைவு. ஆனா அது உடம்புல பி12 சேர்வதைக் குறைக்கும். இது 1971-லேயே மருத்துவ இதழ்களில் வந்த விஷயம்.

எப்படிக் குறைக்குது? நாம சாப்பிடுற பி12 நேரா ரத்தத்துக்குப் போகாது. வயிற்று அமிலம் அதை உணவிலிருந்து பிரிக்கணும். அப்புறம் வயிற்றில் சுரக்கும் ஒரு புரதம் அதைப் பிடிச்சுக்கிட்டு, சிறுகுடலோட கடைசிப் பகுதி வரைக்கும் கொண்டு போகும். அங்கே உள்ளே எடுத்துக்கிற வேலைக்குக் கால்சியம் தேவை. மெட்ஃபார்மின் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் குறுக்கிடுதுன்னு ஆய்வாளர்கள் கருதுறாங்க.

அப்போ ஏன் உடனே தெரியறதில்லை? உடம்புல 2 முதல் 5 மில்லிகிராம் வரை பி12 சேமிப்பு இருக்கு, பெரும்பகுதி கல்லீரலில். ஒரு நாளைக்குத் தேவை சுமார் 2.4 மைக்ரோகிராம்தான். அதனால வரவு குறைஞ்சாலும் சேமிப்பு வருஷக்கணக்கில் தாங்கும். எங்க துறையில் இதை மெமரி லீக்னு சொல்லுவோம். சர்வர் மாசக்கணக்கா நல்லாவே ஓடும், ஒரு நாள் படுத்துடும்.

2010-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒண்ணு இருக்கு. இன்சுலின் போட்டுக்கொள்ளும் 390 பேரை இரண்டாகப் பிரிச்சு, ஒரு குழுவுக்கு மெட்ஃபார்மின், இன்னொரு குழுவுக்கு வெறும் மாத்திரை. நாலு வருஷத்துக்கு மேல பார்த்ததில், மெட்ஃபார்மின் குழுவில் பி12 அளவு மற்றவர்களைவிட 19 சதவீதம் குறைஞ்சிருந்தது. 2022-ல் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இது பத்தில் ஒருவர் வரை பாதிக்கக்கூடிய பொதுவான பக்க விளைவுன்னு அறிவிச்சது.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். பி12 குறைஞ்சா சோர்வு, ரத்த சோகை, மறதி, நாக்கில் புண், கால் மரத்துப் போறது, பாதத்தில் எரிச்சல் எல்லாம் வரலாம். சர்க்கரை நோயால் நரம்பு கெட்டாலும் இதே மரமரப்பு, இதே எரிச்சல்தான். அதனால "சுகர் இருக்குல்ல, கால் எரியத்தான் செய்யும்"னு வீட்ல எல்லாரும் விட்டுடறாங்க. ஒரே எரர் மெசேஜ், காரணம் ரெண்டு. இதில் பி12 குறைபாட்டைச் சரி பண்ண முடியும். ஆனா ரொம்ப நாள் விட்டா, நரம்புச் சேதம் முழுசா திரும்பாமலே போகலாம்.

யாருக்கு ஆபத்து அதிகம்? அதிக டோஸில், பல வருஷமா சாப்பிடுறவங்க, வயசானவங்க, சுத்த சைவம் சாப்பிடுறவங்க. கீரை, பருப்பு, காய்கறியில் எவ்வளவோ சத்து இருக்கு, பி12 மட்டும் கிடையாது. அது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான். கூடவே தினமும் பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் மாதிரி கேஸ் மாத்திரையும் போட்டா, வயிற்று அமிலமும் குறையும். ஒரே பைப்லைன்ல ரெண்டு அடைப்பு.

"நான் மெட்ஃபார்மின் சாப்பிடலையே"ன்னு சிலர் சொல்லலாம். எங்க அப்பாவும் அப்படித்தான் சொன்னாங்க. "அட்டையைத் திருப்பிப் பாருங்கப்பா"ன்னேன். பெரிய எழுத்தில் ஒரு பிராண்ட் பேர், அதுக்குக் கீழே பொடி எழுத்தில் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின். இது மாதிரி கூட்டு மாத்திரைகள் நிறைய இருக்கு.

சரி, என்ன செய்யலாம்? அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது, "இத்தனை வருஷமா மெட்ஃபார்மின் சாப்பிடுறேன், பி12 டெஸ்ட் எடுக்கலாமா?"ன்னு கேளுங்க. சாதாரண ரத்தப் பரிசோதனைதான். வைட்டமின் மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க, இல்லைன்னா அளவு கூடுதலாகக் காட்டி உண்மை நிலை மறைஞ்சுடும். ஃபோலிக் ஆசிட்டை மட்டும் தனியா சாப்பிடுறதும் சரியில்லை. ரத்த சோகை சரியான மாதிரி தெரியும், உள்ளே நரம்புச் சேதம் தொடரும்.

குறைவுன்னு வந்தா மாத்திரையோ ஊசியோ டாக்டர் முடிவு செய்வார். பெரும்பாலும் மெட்ஃபார்மினை நிறுத்தத் தேவையிருக்காது. நீங்களா நிறுத்தவே நிறுத்தாதீங்க, சுகர் எகிறிடும்.

இன்னைக்கு ராத்திரி வீட்ல இருக்கிற மாத்திரை அட்டையை ஒரு தடவை திருப்பிப் பாருங்க. கால் எரியுதான்னும் கேளுங்க, அவங்களா சொல்ல மாட்டாங்க.