சிறுத்தைக் குட்டியா, மீன்பிடிப் பூனையா?

பவானிபூரில் எங்கள் வீட்டுக்கு வந்த நண்பர், ஹௌரா கிராமமொன்றில் எடுத்த புகைப்படத்தைக் காட்டி, "சிறுத்தைக் குட்டி சார்!" என்றார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு இருவரும் உற்றுப் பார்த்தோம்.

சிறுத்தையின் புள்ளிகள் வளையம் வளையமாக இருக்கும், வால் நீளம். படத்தில் இருந்ததற்கோ வரிசையாகக் கரும்புள்ளிகள், நெற்றியில் கோடுகள், குட்டை வால். மீன்பிடிப் பூனைதான்!

வங்காளிகள் இதை 'பாக்ரோல்' என்பார்கள். 2012 முதல் மேற்கு வங்கத்தின் மாநில விலங்கு. நாணல் அடர்ந்த நீர்நிலைகளில் மீன் பிடித்துத் தின்னும். புலி என்று பயந்து இதை அடித்துக் கொன்றதும் உண்டு.

ஆகவே அன்பர்களே, இப்படி ஒரு படம் வந்தால் புள்ளியையும் வாலையும் பார்த்த பிறகே பெயர் சொல்லுங்கள். தவறான பெயர் ஓர் உயிரையே பறித்துவிடும்.