மரபணுப் பரிமாற்றத்தில் தெரிவும் சான்றும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் விளையும் பி.டி. பருத்தி மரபணுப் பரிமாற்றத்தின் பயனாகும். 2002இல் இந்தியாவில் அனுமதி பெற்ற இப்பருத்தியை உருவாக்குகையில், காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்திற்குரிய மரபணுவுடன் கனாமைசின் எதிர்ப்பு மரபணுவும் செலுத்தப்பட்டது. கனாமைசின் கலந்த ஊடகத்தில் பிழைத்த செல்களே தெரிவுசெய்யப்பட்டன.

இத்தகைய தெரிவுமுறையே சுண்டெலியின் நோயெதிர்ப்பு மரபணு ஆய்விலும் பயன்பட்டது. ஒன்றையொன்று ஒத்த திசுப்பொருத்த மரபணுக்களுள் எது எப்புரதத்திற்குரியது என்பதை 1982இல் லீராய் ஹுட் குழுவினர் ஆராய்ந்தனர். வேறு மரபுவழிச் சுண்டெலியின், தைமிடின் கைனேஸ் நொதியற்ற செல்களில், அந்நொதிக்குரிய மரபணுவும் ஆய்வுக்குரிய மரபணுவும் சேர்த்துச் செலுத்தப்பட்டன. தெரிவு ஊடகத்தில் செல் பிழைத்தமை நொதி மரபணு நுழைந்ததை மட்டுமே காட்டியது. செல்பரப்பில் தோன்றிய புதிய புரதத்துடன் அதற்குரிய எதிர்ப்பொருள் பிணைந்தபோதே மரபணுவின் அடையாளம் உறுதியாயிற்று. பருத்திக்கும் இது பொருந்தும்: பிழைத்தல் தெரிவுக்கு உதவும், புரதமே சான்றாகும்.